பிறர் செவிக்கு எட்டாத இடம்: கிளிநொச்சியில் உளவளத்துணையின் வரலாறு

மன அழுத்தத்தாலோ வாழ்க்கையின் திடீர்த் திருப்பத்தாலோ நிலைகுலைந்த ஒருவரை, அதற்கெனப் பயின்ற இன்னொருவர் ஒழுங்காகச் சந்தித்து, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் செவிமடுத்து, தம் வழியை அவரே கண்டுகொள்ளும்வரை கூட இருக்கும் பணிக்கு இலங்கைத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. அரச சுற்றறிக்கைகளிலும் பதவிப் பெயர்களிலும் அது ‘உளவளத்துணை’ எனப்படும். தொண்டு நிறுவனங்களும் திருச்சபை சார்ந்த நிலையங்களும் ‘ஆற்றுப்படுத்தல்’ என்பதையே பெரிதும் விரும்புகின்றன. யாழ்ப்பாணத்துக் கல்வியியலாளர் சிலர் ‘சீர்மியம்’ என்று எழுதுவர். இவற்றுள் நடுவில் உள்ளதே பழமையும் பொருத்தமும் உடையது. ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வரும் தன்போன்ற ஒருவனுக்குத் தான் நடந்துவந்த வழியைச் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையாயிற்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. ஆற்றுதல் என்னும் வினைக்குச் சூடு தணித்தல் என்ற பொருளும் உண்டாகையால், வழிகாட்டுதலும் தணித்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. ஆயினும் கிளிநொச்சியின் ஊர்ப்புறங்களில் இம்மூன்று சொற்களும் அவ்வளவாகப் புழங்குவதில்லை. “கதைக்கிற மிஸ் வந்திருக்கிறா” என்பதே அங்கு இப்பணிக்கு மக்கள் இட்டிருக்கும் பெயர் என்று சொன்னால் மிகையாகாது.

கதைத்தல் என்பது எளிய செயலாகத் தோன்றினும், கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில் அது ஒருபோதும் எளிதாக இருந்ததில்லை. இப்பணியின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவோர்க்கு, முறைகளும் கருவிகளும் நிதி வழங்குவோரும் மாறிக்கொண்டே இருக்க, ஒரு கேள்வி மட்டும் மாறாமல் நிற்பது புலனாகும்: ஒருவர் தம் மனத்தில் கிடப்பதைப் பிறர் செவிக்கு எட்டாமல் எங்கே வைத்துச் சொல்வது? அண்மைக் காலத்தில் தொலைபேசியும் இணையமும் வழியாக நடைபெறும் உளவளத்துணை இக்கேள்விக்குக் கிடைத்த புதிய விடை என்று கருதப்படுகிறது. அது எவ்வளவு தூரம் விடையாகும் என்பதைப் பழைய விடைகளோடு வைத்துப் பார்த்தாலன்றி மதிப்பிட இயலாது.

கிளிநொச்சி இடம்பெயர்ந்தோரால் உருவான ஊர். இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மக்கள் நெருக்கத்தைத் தணிக்கும் நோக்கோடு 1936இல் தொடங்கப்பட்ட குடியேற்றத் திட்டமே இந்நகரின் பிறப்பு. பின்னர் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களில் வீடிழந்த மலையகத் தமிழரிற் பலர் வன்னியை நோக்கி வந்தனர். அவர்களைக் காணிகளில் இருத்த, கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு நடத்திய காந்தியம் அமைப்பு உழைத்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாளின் பின், போர் நெருங்கியதால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட மக்களில் பெருந்தொகையினர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்குள் வந்தனர். அடுத்த ஆண்டே கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கையில் வீழ, வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்து மீண்டும் காடுகளுக்குள் பெயர்ந்தனர். ஆகவே ‘வாழ்க்கை மாற்றம்’ என்று பிற நாட்டு உளவியல் நூல்கள் சொல்லும் பணியிழப்பு, மணமுறிவு, முதுமை, ஊர்மாற்றம் முதலியவை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வருபவை என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் பொருந்தவில்லை. இங்கு அவை ஒரே ஆண்டில், சில வேளைகளில் ஒரே இரவில், மொத்தமாக வந்தன.

இப்பணிக்குப் பெயர் ஏற்படுமுன்பே மனச்சுமையை இறக்கிவைக்கும் இடங்கள் வன்னியில் இருந்தன. அவற்றின் பொதுவான இயல்பு, சொல்பவரை மறைத்துக்கொண்டு சொல்லை மட்டும் வெளிவிடுவதாகும். செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண், இறந்தவரைப் பாடும் சாக்கில் தன் மாமியாரின் கொடுமையையும் சகோதரன் சீதனக் காணியில் செய்த வஞ்சகத்தையும் ஊர் கேட்கப் பாடிவிடலாம். மறுநாள் அதற்காக அவளிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலின்போதும், புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலிலும், ஊர்தோறும் உள்ள சிறு தெய்வக் கோயில்களிலும் ‘கலை’ வந்து ஆடுபவர் வாயால் வெளிப்படும் துயரம் தெய்வத்தின் கூற்றாகவே கொள்ளப்படும். ‘கட்டுச் சொல்லுதல்’ எனப்படும் குறிகேட்கும் வழக்கில், காணாமற் போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கும் தாய், விடையைக் காட்டிலும் அக்கேள்வியை வாய்விட்டுக் கேட்பதற்கான உரிமையையே பெறுகிறாள். மடுமாதா திருத்தலத்தை நாடும் கத்தோலிக்கர்க்கும் கரையோர மீனவக் குடிகளுக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்தது. முகம் தெரியாதபடி நடுவில் ஒரு தட்டி, தட்டிக்கு அப்பால் ஒரு செவி. முகம் காணாத குரலிடம் மனம் திறப்பது தொலைபேசியோடு வந்த புதுமை என்று எண்ணுவோர் இத்தட்டியை நினைத்துப் பார்க்கலாம்.

அரசு வகுத்த வழியோ வேறு திசையில் இருந்தது. 1873ஆம் ஆண்டின் சட்டம் மனநோயாளரை அடைத்துக் காப்பதையே பெரிதும் கருத்தில் கொண்டது. 1927இல் கொழும்பை அடுத்த அங்கொடையில் எழுந்த மருத்துவமனை, அதன் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிற்று. வன்னியிலிருந்து ஒருவரை ‘அங்கொடைக்குக் கொண்டுபோனார்கள்’ என்றால், அக்குடும்பத்தின் பெண்களுக்குக் கலியாணம் பேசுவது முடிந்தது என்று பொருள். ‘விசர்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லா மனக்கலக்கங்களும் அடைக்கப்பட்டதால், அச்சொல்லுக்கு அஞ்சியோர் தம் வேதனையை உடலின்மேல் ஏற்றிச் சொல்லப் பழகினர். “நெஞ்சுக்க அடைக்குது”, “தலைக்குள்ள விறைக்குது”, “கை கால் உளையுது” என்று வைத்தியரிடம் சொல்வது மானக்கேடாகாது. துயருற்றோர் அடிக்கடி ஆழமாக இழுத்து விடும் ‘பெருமூச்சு’ வெறும் மூச்சுக் கோளாறு அன்று, மனநோவின் பண்பாட்டு மொழி என்பதை வடக்கில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். ‘யோசனை’ என்ற சொல்லும் இத்தகையதே. தமிழகத்தில் அது கருத்து அல்லது ஆலோசனை. வன்னியில் “அவவுக்கு ஒரே யோசனை” என்றால் மனம் ஒடிந்து தூக்கமின்றிக் கிடக்கிறாள் என்று பொருள். தமிழகத்திலிருந்து இணையவழியே இப்பக்கத்தவரோடு கதைக்க முன்வரும் உளவியலாளர் முதலில் கற்கவேண்டிய சொல் இதுவாகலாம்.

நவீன உளவளத்துணை வன்னிக்கு யாழ்ப்பாணத்தின் வழியே வந்தது. 1987இல் அங்கு நிறுவப்பட்ட சாந்திகம், போரால் உளப்பாதிப்புற்றோருக்கான முதல் உள்ளூர் நிலையங்களில் ஒன்றாகும். தொண்ணூறுகளில் வடக்கு முழுவதற்குமே உளமருத்துவ நிபுணர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம் என்ற நிலையில், நோயாளரை மருத்துவமனைக்கு வரவழைப்பதை விட, ஊரில் ஏற்கெனவே மக்கள் நம்பும் ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர், மதகுரு, கிராம அலுவலர் ஆகியோருக்கு அடிப்படைத் திறன்களைக் கற்பிப்பதே நடைமுறைக்கு ஒத்த வழியாயிற்று. அகதிகளின் உளநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைந்நூல் தமிழ்ச் சூழலுக்கு ஏற்பத் திருத்தியெழுதப்பட்டுப் பயிற்சிகளில் பயன்பட்டது. இடச்சு உளவியலாளர் கூஸ் வான் டெர் வேர் யாழ்ப்பாணத்தில் ஆற்றுப்படுத்துனர்களைப் பயிற்றுவித்தோருள் ஒருவர். மூச்சை எண்ணுதல், சாந்தி ஆசனம், சைவருக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என, மக்கள் முன்பே அறிந்தவற்றையே தளர்வுப் பயிற்சிகளாக மாற்றியமை இப்பயிற்சியின் சிறப்பு. பிற்காலத்தில் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க மிகவும் இசைந்தவையாக நின்றவையும் இவையே.

வவுனியா இதற்குச் சற்று வேறான தடத்தில் சென்றது. இராணுவக் கட்டுப்பாட்டுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான வாசலாக அந்நகரம் இருந்தமையால், பூந்தோட்டம் முதலிய நலன்புரி நிலையங்களில் மக்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கினர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கு நடத்திய உளச்சமூக ஆய்வு 2002இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் இடம்பெற்றது. ‘உளச்சமூகம்’ என்ற கலைச்சொல், ஒருவரின் உளநிலையை அவருடைய உணவு, உறைவிடம், உறவு, தொழில் ஆகியவற்றிலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்ற கொள்கையைக் குறிப்பது. போர்ப்பகுதிகளில் பணியாற்றியோர் இதனைப் பரப்பினர்.

வவுனியாவுக்கு வடக்கே, ஏ-9 வீதி ஊடறுத்துச் செல்லும் வன்னிக்குள்ளோ, தொலைபேசி இணைப்புகள் 1990இலிருந்தே செத்துக் கிடந்தன. வானொலிப் பெட்டியை மிதிவண்டி டைனமோவில் பொருத்திச் செய்தி கேட்ட காலம் அது. வெளிநாட்டிலோ கொழும்பிலோ உள்ள உறவினரோடு தொடர்புகொள்ளச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்தித் தாள் ஒரு வழி. அது ஒட்டப்படாத கடிதம். குடும்ப நலன் தவிர வேறெதுவும் எழுதலாகாது என்பது அதன் விதி, எவரும் படித்துப் பார்க்கலாம் என்பது அதன் நிலை. எனவே மகன் படையணியில் சேர்க்கப்பட்ட செய்தியும், மகள் பேசாமல் போன செய்தியும், பசியும் அதில் ஏறவில்லை. “நாங்கள் சுகம், நீங்கள் சுகமோ” என்பது மட்டும் ஏறியது. புலிகளின் ஆட்சியில் மனநோயுற்ற பெண்களுக்கென வெற்றிமனை போன்ற இல்லங்கள் நடத்தப்பட்டன என்பதும், சிறுவர் இல்லங்களில் பராமரிப்பு இருந்தது என்பதும் உண்மை. எனினும் கட்டாய ஆட்சேர்ப்பினால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதனை எவரிடமும் வாய்திறந்து சொல்லும் நிலை இருக்கவில்லை. வீரச்சாவுக்குச் சடங்கு இருந்தது. தாயின் கோபத்துக்கு இடம் இருக்கவில்லை.

2002இன் போர்நிறுத்தம் ஏ-9 வீதியைத் திறந்தபோது பயிற்சியாளர்கள் கிளிநொச்சிக்கு வந்து போக முடிந்தது. ஆசிரியர்களை உளவளத்துணையாளராக்கும் முயற்சிகளும் வடக்குக் கிழக்கில் இக்காலத்தில் வேரூன்றின. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வழித்துத் துடைத்த பின், உலகின் பல திசைகளிலிருந்தும் உளவளத் தொண்டர்கள் வந்திறங்கினர். ஒரே பிள்ளையை மூன்று நிறுவனங்கள் மூன்று முறை படம் வரையச் சொன்ன அக்காலத்து மிகையை இங்கு விரிப்பது வேண்டா. 2006 ஓகஸ்டில், வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான முகமாலை வாசல் அடைபட்டது. பின்னர் நிகழ்ந்தவை அறியப்பட்டவையே. கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் நாள் இராணுவத்தின் வசமாயிற்று. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வவுனியாவின் முகாம்களில் அடைபட்டிருந்தனர்.

செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமின் பிரிவுகளுக்குக் கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயரிடப்பட்டிருந்தது. தமிழ் அறிஞர், தலைவர் பெயர்களைத் தாங்கிய அவ்வலயங்களில், நீல வெள்ளைத் தறப்பாள்களுக்குள் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஒரு கொட்டிலில் இருமினால் அடுத்த கொட்டிலில் கேட்கும். கணவன் மனைவியிடம் பேசுவதும், மனைவி இறந்த குழந்தையை நினைத்து விம்முவதும் ஊர்ச்சொத்தாயின. உளவளத்துணை நூல்கள் முதற் பக்கத்திலேயே வற்புறுத்தும் இரகசியம் பேணல் என்ற அறம், அதாவது சொன்னது சொன்ன இடத்திலேயே தங்கும் என்ற உறுதி, அங்கே எந்தச் சுவரின்மேல் நிற்பது? வவுனியாவில் உளமருத்துவ நிபுணராக இருந்த எஸ். சிவதாஸ் போன்றோரும், இடம்பெயர்ந்தோரிடமிருந்தே தெரிந்தெடுத்துக் குறுகிய காலத்தில் பயிற்றப்பட்ட இளையோரும் இந்நிலையிலேயே வேலை செய்தனர். நீர் எடுக்கும் வரிசையில் நின்று கதைப்பது, நடந்துகொண்டே கதைப்பது, சிறுவர்களை விளையாட விட்டுத் தாய்மாரைச் சற்றுத் தள்ளி மரநிழலில் இருத்துவது என்பன அவர்கள் கண்ட வழிகள். பயிற்சி குறைவாக இருந்தும் இவ்விளையோர் பயன்பட்டதற்குக் காரணம், அவர்களும் அதே வரிசையில் வாளியோடு நின்றவர்கள் என்பதே.

வடமாகாணத்தின் மீள்குடியேற்றத்துக்கும் அபிவிருத்திக்கும் பாதுகாப்புக்குமென 2009 மே மாதத்தில் அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியின் ஒப்புதல் இன்றி எந்த நிறுவனமும் வன்னிக்குள் வேலை செய்ய இயலாதிருந்தது. வீதி, வீடு, கிணறு ஆகியவற்றுக்கு ஒப்புதல் கிடைத்தவாறு உளச்சமூகப் பணிக்குக் கிடைக்கவில்லை; மக்கள் கூடிக் கடந்ததைப் பற்றிக் கதைப்பதே ஐயத்துக்குரியதாகப் பார்க்கப்பட்டது. எனவே ஆற்றுப்படுத்தல் வேறு பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டது. தையல் வகுப்பு, கோழி வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், சேமிப்புக் குழு என்ற தலைப்புகளில் பெண்கள் கூடினர். பொத்தான் துளை தைக்கும் இடைவெளியில், தலை குனிந்தபடி, ஊசியைப் பார்த்துக்கொண்டே முள்ளிவாய்க்காலைப் பற்றிச் சொன்னார்கள். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கையைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. தடையால் பிறந்த இந்த ஏற்பாடு, முறையான அறையில் நாற்காலி போட்டு நடத்தியிருக்கக்கூடிய பல அமர்வுகளை விடச் சிறந்ததாக அமைந்தது என்று கருத இடமுண்டு. ஆயினும் தையல் வகுப்பில் ஆண்கள் இல்லை. வன்னியின் ஆண்கள், சிறப்பாகப் போர் முடிவில் அடைக்கப்பட்ட தடுப்பு முகாம்களிலிருந்து மீண்டவர்கள், கசிப்புக்குள்ளும் மௌனத்துக்குள்ளும் விடப்பட்டனர். அந்த இழப்பு இன்றுவரை நேர்செய்யப்படவில்லை.

பாதிப்பின் அளவைச் சுட்டும் நம்பத்தகுந்த எண்கள் சிலவே. 2009 ஜூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் 1,517 வீடுகளில் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு, பதகளிப்பு அறிகுறிகள் 32.6 விழுக்காட்டினரிடமும், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 விழுக்காட்டினரிடமும், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 7 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டதாகக் கூறிற்று. பதகளிப்பு என்பது காரணம் நீங்கிய பின்னும் நீங்காத உள்நடுக்கம். மனவடு என்பது உடற்காயத்தின் தழும்பைப் போல மனத்தில் நிற்கும் தடம். இவ்வெண்கள் குடாநாட்டுக்குரியவை. இறுதிப் போரின் நடுவே சிக்கிய வன்னி மக்களுக்கு இவற்றைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளலாமே தவிரச் சராசரியாகக் கொள்ளலாகாது.

மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அவ்வாண்டின் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 1,13,000 பேர் இருந்தனர். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், உளவளத்துணை உதவியாளர் என்னும் பதவிகளும், மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவும் இயங்கலாயின. மீளக் குடியமர்ந்தோரின் துயரம் இப்போது வேறு உருக்களில் வந்தது. கணவன் இல்லாத வீட்டில் நுண்கடன் வசூலிப்பவர் மாலை வரை படலையடியில் நிற்பது அவற்றுள் ஒன்று. வறட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசு 2018இல் தள்ளுபடி அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. மற்றொன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சுமப்பது. இறந்தார் என்று அந்தியேட்டி செய்யவும் முடியாமல், இருக்கிறார் என்று பொட்டு வைக்கவும் கூசி நிற்கும் இந்நிலையை அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டார். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்றிலில் இவ்வுறவுகள் தொடங்கிய தொடர் போராட்டம் அரசியற் செயலாகவே அறியப்படுகிறது. ஒரே வகை இழப்புடையோர் நாள்தோறும் ஒரே கொட்டிலில் கூடியிருந்து கதைத்தமையால் அது அவர்களுக்கு ஓர் ஆற்றுப்படுத்தற் குழுவாகவும் பயன்பட்டது என்பதைக் காண மறுப்பது பார்வைக் குறைபாடாகும். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2015இல் இத்தகைய குடும்பங்களுக்கெனத் தொடங்கிய துணைநிற்றல் திட்டமும் குழுமுறையையே பெரிதும் நம்பிற்று.

தொலைவிலிருந்து செவிசாய்க்கும் முறையின் வரலாறு வேறிடத்தில் தொடங்குகிறது. 1953இல் இலண்டனில் சாட் வாரா என்னும் அங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணம் கொண்டோர் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அதிலிருந்து சமாரிற்றன்ஸ் இயக்கம் வளர்ந்தது. அதன் வழிவந்த சுமித்ரயோ 1974இல் கொழும்பில் தொடங்கப்பட்டது. சென்னையில் ஸ்நேகா 1986இல் தோன்றியது. சென்னையின் உளநல நிறுவனமான ஸ்கார்ஃப் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களுக்குப் பேருந்தொன்றை அனுப்பி, அதனுள் இருந்த திரையின் வழியே சென்னை மருத்துவர் நோயாளரோடு பேச வழிசெய்தது. மருத்துவர் தொலைவில் இருந்தாலும் பேருந்தில் ஊரறிந்த பணியாளர் ஒருவர் கூடவே இருந்தமை இம்முயற்சியின் உயிர்நிலை. தமிழ்நாடு அரசு 2022இல் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 14416 என்னும் இலக்கத்தில் சேவை தொடங்கிற்று. இலங்கையில் அங்கொடை மருத்துவமனையின் இன்றைய வடிவமான தேசிய மனநல நிறுவகத்தின் 1926, பெண்களுக்கான 1938, சிறுவருக்கான 1929, தொண்டு நிறுவனமொன்றின் 1333 ஆகிய இலக்கங்கள் நிலைபெற்றன. தொலைபேசிக் கோபுரங்களே போருக்குப் பின் எழுந்த வன்னிக்கு, இவை அனைத்தும் ஒரு தலைமுறைக்குள் வந்து சேர்ந்தவை.

2020 மார்ச் 20ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, வீடுவீடாகச் சென்ற உளவளத்துணையாளர்களின் ஸ்கூட்டிகள் நின்றன. கைத்தொலைபேசி ஒன்றே மிஞ்சியது. முன்னேற்பாடு ஏதுமின்றி ஒரு தொழில் ஒரே வாரத்தில் வாட்ஸ்அப்புக்கும் வைபருக்கும் மாறியது. அதன் நடைமுறையை நெருங்கிப் பார்த்தால் பழைய கேள்வியே அங்கும் நிற்பது தெரியும். பயிற்சி பெற்ற துணையாளர் நலம் விசாரிக்குமுன் கேட்பது, “அக்கா, இப்ப கதைக்கலாமோ? பக்கத்தில ஆரும் நிக்கினமோ?” என்பது. விடை ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரு சொல்லில் அடங்கும்படியே அடுத்தடுத்த கேள்விகளும் அமைக்கப்படும். கணவன் அருகே வந்தால் “சமுர்த்திக் கூட்டம் எப்ப?” என்று பேச்சை மாற்றுவது என முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்வதுண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரே திறன்பேசி, அதுவும் பிள்ளையின் இணையவழி வகுப்புக்குப் போய்விட்டது என்றால், பிள்ளை தூங்கிய பின்னரே தாயின் முறை. படம் தெரியும் அழைப்புக்குத் தரவுக் கட்டணம் அதிகம், சமிக்ஞையும் போதாது. ஆகவே பெரும்பாலான அமர்வுகள் குரலளவிலேயே நடந்தன. வீட்டுக்குள் கதைக்க முடியாதவர் கிணற்றடிக்கும், வாய்க்கால் வரம்புக்கும், மாட்டுக்குப் புல் அறுக்கும் சாக்கில் வயலோரத்துக்கும் போயினர். அங்கு சமிக்ஞையும் சற்று மேலாக இருந்தது என்பது எதிர்பாராத நன்மை.

இம்முறையின் ஆதாயங்கள் போலியானவை அல்ல. உளநலப் பிரிவின் வாசலில் கண்டால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சியோர் அவ்வாசலைக் கடக்காமலே பேச முடிந்தது. குறிப்பாக ஆண்கள், இருட்டிய பின், முகம் காட்டாமல், தையல் வகுப்பு தரமுடியாத மறைப்பைத் தொலைபேசியில் கண்டனர். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள ஈழத்தமிழ் உளவியலாளர் இங்குள்ள பணியாளர்க்கு இணையவழியே மேற்பார்வை வழங்குவது எளிதாயிற்று. மேற்பார்வை என்பது கண்காணிப்பு அன்று. பிறர் துயரைச் சுமக்கும் துணையாளர் தம் சுமையை மூத்த ஒருவரிடம் இறக்கிவைக்கும் ஏற்பாடு அது. போர்க்காலத்தில் வன்னிப் பணியாளர்க்கு அது எளிதில் கிடைக்கவில்லை.

ஆனால் மௌனத்தைத் தொலைபேசியால் கேட்க முடியாது. நேரில் இருக்கும்போது பெருமூச்சும், சேலைத் தலைப்பைச் சுருட்டி விரிக்கும் விரலும், பதில் சொல்லாமல் நிலத்தைப் பார்க்கும் பார்வையும் செய்திகளாகும். அழைப்பிலே மௌனம் என்றால் துணையாளர் முதலில் எண்ணுவது இணைப்பு அறுந்துவிட்டது என்பதையே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, மின்னேற்றப்படாத தொலைபேசிகளோடு இத்துணையும் அணைந்தது. அழைப்பு பதிவாகிறதா என்ற ஐயம் இன்னும் ஆழமானது. கடிதங்கள் திறந்து படிக்கப்பட்டதையும், ஊர்க்கூட்டங்களில் புலனாய்வாளர் வந்தமர்ந்ததையும் கண்ட தலைமுறை, சுவரில்லாத இடத்தில் மட்டுமன்றிக் கம்பியில்லாத இடத்திலும் ஒட்டுக்கேட்பவரைத் தேடுவதில் வியப்பில்லை. இணையவழி உளவளத்துணை பலன் தந்த இடங்களை உற்றுநோக்கினால், முதற் சந்திப்பு எப்படியோ நேரில் நிகழ்ந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். முற்றத்தில் ஒருமுறை பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனவரின் குரலைத்தான் கிணற்றடியில் நம்ப முடிகிறது. தொலைபேசி அந்த நம்பிக்கையை நீட்டிக்கும். அதனைத் தொடக்குவது அரிது.

ஆகவே புதிய செயலிகளுக்கும் இலக்கங்களுக்கும் நிதி ஒதுக்குவோர் அதற்கு முன்னர் ஒன்றைச் செய்யலாம். உளவளத்துணை உத்தியோகத்தர் பொதுக் கூடத்தில், மற்ற உத்தியோகத்தரின் மேசைகளுக்கு நடுவே அமர்ந்து மக்களின் துயரைக் கேட்கவேண்டிய நிலை எந்தெந்தப் பிரதேச செயலகத்தில் உண்டோ, அங்கெல்லாம் அவருக்குக் கதவு மூடக்கூடிய ஓர் அறையும், சொந்தப் பணத்தில் அழைக்கத் தேவையற்ற ஓர் அலுவலகத் தொலைபேசியும், ஊருக்குள் போய்வர எரிபொருட் செலவும் கொடுக்கப்பட வேண்டும்.